எது கவிச்சி அண்டா?

அத்தியாயம் 9

காமராஜ் ஜீப்பை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அதைச் சொல்லாமல் நேராகக் குளிக்கப் போயிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை நல்லபடியாகவே கழிந்திருக்கும்.

“அந்தச் சப்பை மூஞ்சி அண்டாவ இறக்குறதுக்குள்ள இடுப்பு போயிருச்சும்மா.”

கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா பாண்டியம்மாளின் கை நின்றது.

“எந்த அண்டா?”

“சப்பை மூஞ்சி. ஒரு பக்கம் நசுங்கி இருக்குமே, அதான்.”

“அதையா கூடலூருக்குக் கொண்டு போன? கல்யாண வீட்டுக்கா?”

“ஆமா. பெரிய அண்டா அஞ்சுன்னு சீட்டுல இருந்துச்சு. கைக்கு வந்த அஞ்ச ஏத்துனேன்.”

“ஏலே! அது கவிச்சி அண்டாடா!”

கரண்டிகள் தரையில் சிதறின.

தேனியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. காதுகுத்துக்குக் கெடா வெட்டிக் குழம்பு வைத்த அண்டா, கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிரியாணி வெந்த அண்டா, இவையெல்லாம் கவிச்சி அண்டா. சைவப் பந்திக்குப் போவது வேறு. ஆட்டுக்கறி வெந்த அண்டாவில் முகூர்த்தச் சாம்பார் கொதித்தது என்று தெரிந்தால் இலை போட்டவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். அதிலும் கூடலூர்க் கஸ்தூரியம்மாள் வீட்டுக்கு வரப்போகும் சம்பந்தி வீட்டார் முட்டை உடைந்த வாசலைக்கூட மிதிக்காதவர்கள்.

“சீட்டு யாரு எழுதுனது?” என்றாள் பாண்டியம்மாள்.

காமராஜ் கடையின் மூலையைப் பார்த்தான். அங்கே பூப்போட்ட திரைத் துணிக்குப் பின்னால், பச்சை எழுத்து மினுங்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால், அவன் மனைவி சாராள் உட்கார்ந்திருந்தாள்.

சாராள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு மாதம் ஆகிறது. மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவள். போடி ஏலக்காய் வியாபாரி தங்கபாண்டி புதியது வாங்கிவிட்டுப் பழையதை மூலையில் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதை ஒரு மாதப் பரீட்சைக்கு வரவழைத்தாள். மாமனார் ஞானசிகாமணி ஒரே நிபந்தனை போட்டிருந்தார். இந்த ஆவணி முகூர்த்தத்தில் ஒரு வீட்டிலிருந்தும் குறை வரக்கூடாது. வந்தால் பெட்டி அன்றைக்கே போடிக்குத் திரும்பிவிடும்.

அந்தப் பெட்டி போய்விட்டால் அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல எதுவும் இல்லை. அவள் கொண்டுவந்த சீர் பாத்திரங்களைக்கூட கல்யாணம் ஆன மாதமே மாமனார் வாடகைக்கு விட்டுவிட்டார்.

“அத்தை, இங்கன வந்து பாருங்க” என்றாள் சாராள்.

திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. பெரிய அண்டா, பன்னிரண்டு.

“சைவம், கவிச்சின்னு ரெண்டு இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலியே.”

“இதெல்லாமா சொல்லணும்? பாத்தாலே தெரியாதா?”

“எனக்குத் தெரியலை. இப்பச் சொல்லுங்க அத்தை. எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?”

இவ்வளவு எளிய கேள்வியை அந்தக் கடையில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“இது ஒரு கேள்வியா?” பாண்டியம்மாள் எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தாள். மிச்சம் இருந்த ஏழு அண்டாக்களும் அங்கே வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. “தூக்குற வளையத்தப் பாரு. உருட்டு வளையம் போட்டது சைவம். பட்டை வளையம் கவிச்சி. சின்னப் பிள்ளை சொல்லும்.”

“யாருடி சொன்னது?” டீ குடித்துவிட்டு வந்த ஞானசிகாமணி துண்டால் வாயைத் துடைத்தார். “வளையமாவது வாளியாவது. விளிம்பப் பாரு. விளிம்பு மடிச்சது சைவம். மடிக்காதது கவிச்சி. எங்க அய்யா காலத்துக் கணக்கு அது.”

“உங்க அய்யா காலத்து அண்டா எல்லாம் பழைய பித்தளைக்குப் போயி இருபது வருசமாச்சு.”

“கணக்கு போகலைல்ல?”

சாராள் ஒரு அண்டாவைத் தொட்டுக் காட்டினாள். “இது மாமா?”

“மடிச்ச விளிம்பு. சைவம்.”

“அத்தை?”

“பட்டை வளையம். கவிச்சி.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது?”

“கவிச்சி” என்றார் அவர்.

“சைவம்” என்றாள் இவள்.

சாராள் மெதுவாகத் தன் கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க எதை வச்சு ஏத்துவீங்க?”

காமராஜ் தலையைச் சொறிந்தான். “நான் வளையமும் பாக்க மாட்டேன், விளிம்பும் பாக்க மாட்டேன். வடக்குச் செவுத்தோரம் இருந்தா கவிச்சி. தெக்குச் செவுத்தோரம் இருந்தா சைவம்.”

“வடக்குச் சுவரோரமா?” சாராளின் குரல் இறங்கியது. “அங்கனதான கம்ப்யூட்டர் மேசை போட்டோம். அண்டாவெல்லாம் ஒண்ணா அடுக்கிட்டேனே.”

“அதுக்கு முந்தியே மழைக்கு ஒழுகுதுன்னு நானே ரெண்டு மூணு தடவ மாத்திருக்கேன்” என்றான் காமராஜ், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பாண்டியம்மாள் அனுப்பிய நாட்களில் வளையம். ஞானசிகாமணி அனுப்பிய நாட்களில் விளிம்பு. காமராஜ் அனுப்பிய நாட்களில் சுவர். போடியிலிருந்து லோயர் கேம்ப் வரை எத்தனை சைவப் பந்திகள்!

“அப்ப, இத்தன வருசமா...” என்று ஆரம்பித்த பாண்டியம்மாள், முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏசப்பா!”

ஞானசிகாமணி பக்கத்தில் கவிழ்ந்திருந்த அண்டாமேல் தொப்பென்று உட்கார்ந்தார். உடனே எழுந்து, அது எந்த அண்டா என்று குனிந்து பார்த்தார்.

சாராள் மதுரைக்கு டிரங்க் கால் போட்டாள்.

அவளுக்குப் பாடம் சொன்ன வைகுண்டராஜ் சார் வகுப்பின் நடுவிலிருந்து எழுந்து வந்திருந்தார் போலிருக்கிறது. மூச்சு வாங்கியது.

“சொல்லும்மா. யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“இல்ல சார். ஒரு சந்தேகம். அண்டாங்கிறது ஒண்ணா, பன்னிரண்டா?”

சாராள் நடந்ததை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“சரி, கேட்டுக்க” என்றார் சார். “இப்ப வெளிநாட்டுல கிளாஸ், ஆப்ஜெக்ட்னு ஒரு புதுப் பேச்சு ஓடுது. கிளாஸ்னா வகை. ஆப்ஜெக்ட்னா அந்த வகையில பொறந்த ஒரு உருப்படி. நீ வகையை மட்டும் எழுதிட்டு, பக்கத்துல எண்ணிக்கையப் போட்டுட்ட. அரிசி மூட்டைன்னா அது போதும். எந்த மூட்டைய எடுத்தாலும் அரிசிதான். உன் அண்டா அப்படியா?”

“இல்ல சார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு.”

“அப்ப ஒவ்வொண்ணுக்கும் தனி வரி. தனி நம்பர். பன்னிரண்டு ரெக்கார்டு.”

“அப்ப சைவ அண்டா ஒரு கிளாஸ், கவிச்சி அண்டா ஒரு கிளாஸா சார்? ரெண்டு டேபிளாப் பிரிச்சிரவா?”

“அவசரப்படாத. இதைச் சொல்லு. சைவ அண்டா கவிச்சி அண்டாவா மாறுமா?”

சாராள் ரிசீவரை மூடிக்கொண்டு திரும்பினாள். “அத்தை, சைவ அண்டா கவிச்சியா மாறுமா?”

“ஒரு துண்டு கறி விழுந்தாப் போதும்.”

“மாறுமாம் சார்.”

“கவிச்சி அண்டா திரும்பச் சைவமா மாறுமா?”

“அத்தை, திரும்பி வருமா?”

“பழைய ஈயத்த உருக்கி வழிச்சுட்டுப் புது ஈயம் பூசுனா வரும். தீயில காச்சுறதுதான? பித்தளைதான, மனுசனா வராமப் போறதுக்கு?”

“வருமாம் சார்!”

“அப்ப அது வகை இல்லம்மா, நிலை. போயிட்டுப் போயிட்டு வர்ற குணத்துக்காக யாராவது தனி வகை கட்டுவாங்களா? இன்னைக்குக் காய்ச்சல்னா உன்ன வேற மனுசின்னா சொல்லுவேன்? அண்டா ஒரே வகை. உள்ள ஒரு கட்டம் போடு. சைவமா, கவிச்சியான்னு. பக்கத்துல ஈயம் பூசுன தேதி.”

“எதுன்னே தெரியாததுக்கு என்ன சார் எழுத?”

“தெரியாதுன்னே எழுது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதுறதுதான் பெரிய தப்பு.”

அப்போது இடையில் ஒரு பெண் குரல் நுழைந்தது. எக்ஸ்சேஞ்ச் அம்மா. “மூணு நிமிசம் முடிஞ்சிருச்சு. நீட்டிக்கவா? இல்ல, கூடலூர்க் கல்யாணத்துக்கு என்ன செய்யப் போறீகன்னு மட்டும் சொல்லிட்டு வைங்க.”

சாராள் ரிசீவரை வைத்தாள். ஆனால் வழி கிடைத்துவிட்டது. கூடலூரில் இருக்கும் ஐந்து அண்டாக்களும் எந்த நிலையில் இருந்தால் என்ன? எல்லாவற்றுக்கும் புதிதாக ஈயம் பூசிவிட்டால் எல்லாமே சைவம். சாயங்காலம் பெண்ணழைப்புச் சமையலுக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஈயம் பூசுகிற சீனிச்சாமியை மத்தியானச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, அவர் துருத்தியையும், ஈயம் ஒட்டத் தூவும் நவச்சார டப்பாவையும் ஜீப்பில் ஏற்றியாயிற்று. காமராஜ் வண்டியைக் கிளப்பினான். சாராள் ஏறும்போது ஞானசிகாமணி ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

“ஈயம் பூசுறது கடை உபயம்னு சொல்லு. வேற வாயே திறக்கப்படாது. கஸ்தூரியம்மா வாயில இருந்து குறைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பொட்டி போடி போயிரும். தங்கபாண்டிக்குச் சொல்லி அனுப்பிட்டேன். அவரு வந்து உக்காந்திருப்பாரு.”

“சரி மாமா.”

“நான் சொன்னாச் சொன்னதுதான்.”

“தெரியும் மாமா.”

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாம் பின்னால் ஓடின. சீனிச்சாமி துருத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினார். சாராள் “கடை உபயம், கடை உபயம்” என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் மோசமாக ஒலித்தது.

கூடலூரில் கஸ்தூரியம்மாள் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. ஐந்து அண்டாக்களும் கழுவப்பட்டு, குங்குமப் பொட்டு வைக்கப்பட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. நடுவில் சப்பை மூஞ்சி, பொட்டோடு.

கஸ்தூரியம்மாள் பெரிய உருவம். திராட்சைத் தோட்டத்தில் ஆட்களை விரட்டியே வளர்ந்த குரல்.

“வாத்தா! வாடகைக்குக் கொடுத்தவுக கல்யாணத்துக்கும் வருவாகளா? நல்ல பழக்கமா இருக்கே.” பிறகு பின்னால் துருத்தியோடு இறங்கிய சீனிச்சாமியைப் பார்த்தாள். “இவரு யாரு? நாயனக்காரரா?”

“ஈயம் பூசுறவரு அம்மா. அஞ்சு அண்டாவுக்கும் புது ஈயம் பூசிரலாம்னு வந்தோம். கடை உபயம்.”

“உபயமா?”

“ஆமா.”

“தேனிக்காரன் உபயமா?” கஸ்தூரியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “போன தடவை ஒரு சல்லடை குறைஞ்சதுக்கு ஒங்க மாமனாரு மூணு கடுதாசி போட்டாரு. அவரு எனக்கு ஓசியில ஈயம் பூசுறாராக்கும்? ஏத்தா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. என்ன நடந்துச்சு?”

காமராஜ் பந்தல் கால்களை எண்ண ஆரம்பித்தான்.

சாராள் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் பெட்டி போய்விடும். சொல்லாவிட்டால், நாளைக்கு இதே பந்தலில் இந்த அம்மாள் சம்பந்தி இலையில் தன் கையால் சாம்பார் ஊற்றுவாள்.

“எது சைவ அண்டா, எது கவிச்சி அண்டான்னு எங்களுக்கே தெரியல அம்மா” என்றாள். “மாமா ஒரு விதமாச் சொல்றாக. அத்தை ஒரு விதமாச் சொல்றாக. மூணு பேரும் மூணு கணக்கு வச்சிருக்காக. இந்த அஞ்சுல எதுல கறி வெந்துச்சுன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். அதான் எல்லாத்துக்கும் பூசிரலாம்னு ஓடியாந்தோம்.”

கஸ்தூரியம்மாளின் முகம் சிவந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தாள். காமராஜ் ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

“இதச் சொல்றதுக்கு ஒங்களுக்கு எம்புட்டுத் துணிச்சல்! அங்கன சம்பந்தி வீட்டாக வந்து எறங்கிட்டாக. ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா என் மக கழுத்துல தாலி ஏறுமா?”

“அதுக்குத்தான் அம்மா வந்தோம். சமைக்கிறதுக்கு முன்னாடி.”

“சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவா போகுது?”

“தெரிஞ்சிருக்காது.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

“நீங்க கேட்டீக.”

கஸ்தூரியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்தாள். “என் மூத்தவ கல்யாணத்துக்கும் ஒங்க அண்டாதான வந்துச்சு?”

“அப்படித்தான் சொன்னாக.”

“அந்தச் சாம்பாரு ருசிய ஊரே இன்னிக்கு வரைக்கும் பேசுது. சமையல்காரன் கைப்பக்குவம்னு அவனுக்கு வேட்டி எடுத்துக் குடுத்தேன்.” அவள் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று சாராளுக்குத் தெரியவில்லை. “சரி, நிக்காதீக. கொல்லையில வேண்டாம். வாசல்ல வச்சுப் பூசச் சொல்லு. நல்லா நடுவாசல்ல.”

“எல்லாரும் பாப்பாகளே?”

“பாக்கட்டும்.”

நடுவாசலில் குழி வெட்டினார்கள். கரி கனன்றது. சீனிச்சாமி அண்டாவைப் புரட்டிப் புரட்டிக் காய்ச்சி நவச்சாரத்தைத் தூவியதும் வெள்ளைப் புகை பந்தலை மூடியது. பழைய கறுப்பு கரைந்து ஈயம் ஓட, அண்டாவின் உள்பக்கம் முழுக்க நிலா வெளிச்சம் மாதிரி ஆனது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சம்பந்தி அம்மாள் இருமிக்கொண்டே வெளியே வந்தார். “என்ன இது, பொண்ணழைப்பு அன்னைக்குப் புகை போடுறீக?”

“எங்க வீட்டு வழக்கம் சம்பந்தி” என்றாள் கஸ்தூரியம்மாள், கண்கூட இமைக்காமல். “கல்யாணத்துக்கு வாசல்ல வச்சுப் புது ஈயம் பூசாம ஒரு பாத்திரத்தையும் அடுப்புல ஏத்த மாட்டோம். தேனியில இருந்து ஆளு வரவழைச்சிருக்கோம்.”

சம்பந்தி அம்மாளின் முகம் மலர்ந்தது. “இதுல்ல சுத்தம்! எங்க சின்னவன் கல்யாணத்துக்கும் இதே மாதிரி வாசல்ல வச்சுப் பூசணும். ஏம்மா, நீங்கதான பாத்திரக் கடைக்காரக?”

பக்கத்தில் நின்ற இன்னும் நாலு பெண்கள் திரும்பினார்கள். எல்லோர் வீட்டிலும் தையில் ஒரு கல்யாணம் இருந்தது. சீனிச்சாமி துருத்தியை இரண்டு மடங்கு வேகத்தில் ஊதினார். காமராஜ் தன் இடுப்பைத் தடவிக்கொண்டான்.

புறப்படும்போது கஸ்தூரியம்மாள் ஜீப் வரைக்கும் வந்தாள். சாராள் மடியில் ஒரு கூடை திராட்சையை வைத்தாள்.

“இது உனக்கு. ஆனா குறை குறைதான். ஒங்க மாமனார்கிட்ட கூடலூர்க்காரக குறை சொன்னாகன்னு மறக்காமச் சொல்லு. சொல்லலைன்னா நானே வருவேன்.”

திரும்பி வரும் வழியில் கம்பம் தாண்டியதும் காமராஜ் கேட்டான்.

“உபயம்னு சாதிச்சிருக்கலாம்ல? பொட்டி உனக்கு வேணாமா?”

“வேணும்.” சாராள் ஒரு திராட்சையைப் பிய்த்தாள். “பொய் சொல்லிருந்தா அந்தப் பொய்யையும் பொட்டிக்குள்ள எழுதணும். நாம மறந்துருவோம். அது மறக்காது. நாளைப்பின்ன ஒரு முகூர்த்தத்துல எடுத்து நீட்டும்.”

“இனிமே அது போடியிலல்ல உக்காந்து நீட்டும்.”

சாராள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கடை வாசலில் வண்டி நின்றது. தங்கபாண்டி ஒரு கூடை வைக்கோலும் கயிறும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தார். ஞானசிகாமணி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் நாற்காலியில், காலைச் சம்மணம் போட்டு, மடியில் முறுக்குத் தட்டோடு பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“மூணு மணிக்கு வந்தேன்” என்றார் தங்கபாண்டி சாராளிடம். “அப்பவே அக்கா இப்படித்தான் உக்காந்திருந்தாக.”

ஞானசிகாமணி நேராக விஷயத்துக்கு வந்தார். “குறை வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு மாமா. நான்தான் உள்ளதச் சொன்னேன். கூடலூர்க்காரக குறை சொன்னாகன்னு சொல்லச் சொன்னாக.”

“கேட்டியா?” அவர் மனைவி பக்கம் திரும்பினார். “தம்பி, எடுத்துக்கங்க.”

தங்கபாண்டி எழுந்தார். பாண்டியம்மாள் எழவில்லை.

“அக்கா, கொஞ்சம் எந்திரிச்சீகன்னா...”

“மாட்டேன்.”

“ஏய், நான் சொல்லு கொடுத்திருக்கேன்” என்றார் ஞானசிகாமணி.

“நீங்கதான கொடுத்தீக? நான் கொடுக்கலியே.” ஒரு முறுக்கைக் கடித்தாள். “இந்தப் பொட்டி வராமப் போயிருந்தா நீங்க விளிம்பப் பாத்து, நான் வளையத்தப் பாத்து, கண்ண மூடுற வரைக்கும் அனுப்பிக்கிட்டு இருந்திருப்போம். குத்தம் அது மேலயா?”

“குறை வந்தா அனுப்பிருவேன்னு சொன்னேன். வந்துருச்சு. முடிஞ்சிருச்சு.”

“சரி. ஞாயித்துக்கெழம சின்னமனூருக்குச் சைவ அண்டா மூணு போகணும். அந்தா கொல்லையில ஏழு கெடக்கு. எது மூணுன்னு கையக் காட்டுங்க. காட்டிட்டீகன்னா எந்திரிச்சிர்றேன்.”

“காட்டுறேன். என்ன பெரிய இது?”

ஞானசிகாமணி கொல்லைக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள், பாண்டியம்மாளைத் தவிர. அவள் எந்தக் காரணத்துக்காகவும் அந்த நாற்காலியை விடுவதாக இல்லை.

அவர் முதல் அண்டாவைப் பார்த்தார். மடித்த விளிம்பு. கை நீண்டது. கண் வளையத்தில் விழுந்தது. பட்டை. கை திரும்பியது. அடுத்த அண்டா. உருட்டு வளையம், மடிக்காத விளிம்பு. கை பாதி வழியிலேயே நின்றது. மூன்றாவது அண்டாவைத் தொடாமல் ஒரு சுற்று சுற்றி வந்தார். நான்காவதுக்குப் போகவே இல்லை.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தங்கபாண்டித் தம்பி” என்றார், யாரையும் பார்க்காமல். “காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க. பொட்டி இங்கனயே இருக்கட்டும்.”

சாராள் வாயைத் திறந்தாள். “ஒண்ணும் சொல்லாத” என்றார் அவர். “உள்ள போயி என்ன எழுதணுமோ எழுது. ஒரு உருப்படி விடாம எழுது.”

தங்கபாண்டி வைக்கோலைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்தக் கடையில் ஒரு திருவிழாவே நடந்தது. கொல்லையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் காமராஜ் ஒவ்வொரு அண்டாவாகப் புளி போட்டுத் தேய்த்து, சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டான். ஞானசிகாமணி வாசற்படியில் நின்று விவரம் சொன்னார். சாராள் தட்டச்சு செய்தாள். பாண்டியம்மாள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மருமகள் சரியாக அடிக்கிறாளா என்று, படிக்கத் தெரியாத திரையைக் கண்ணால் பிடித்துவைத்திருந்தாள்.

“நம்பர் ஒண்ணு! விளிம்பு மடிச்சது, பட்டை வளையம்.”

“சைவமா, கவிச்சியான்னு கேக்குது மாமா.”

“என்ன சொல்ல?”

“தெரியாதுன்னு.”

“ஏழுக்கும் தெரியாதுன்னு எழுதுறதுக்கா கரெண்டு எரியுது?”

“ஈயம் பூசுற வரைக்கும்தான் மாமா.”

“சரி, அடையாளம்னு ஒரு கட்டம் சேத்துப் போடு” என்றார். பெட்டி தங்கியது தங்கியதுதான், இனி அதில் தன் கைவரிசையும் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. “நசுங்கல், ஒட்டு, கீறல், எல்லாம் எழுது. இனிமே ஒண்ணுக்கொண்ணு மாறப்படாது.”

நல்ல யோசனை. சாராள் கட்டம் சேர்த்தாள். இரண்டாம் அண்டாவுக்குக் காது ஒட்டு. நான்காம் அண்டாவுக்கு அடியில் ஓட்டை அடைத்த தடம். வேலை சுறுசுறுப்பாக ஓடியது.

“நம்பர் ஏழு! அடையாளம் என்னலே?”

“இருங்கய்யா, கரி ஒரு இஞ்சுக்கு அப்பிக் கெடக்கு.” காமராஜ் நாரை அழுத்தித் தேய்த்தான். “நசுங்கல் இல்ல. ஒட்டு இல்ல. கழுத்துல என்னமோ பேரு வெட்டிருக்கு.”

“யாரு பேரு?”

“சு... கி... சுகிர்தம்.” அவன் நிமிர்ந்தான். “நம்ம வீட்டுல யாரும்மா சுகிர்தம்?”

சாராள் கேட்ட வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். பெயரின் பாதி ஏற்கெனவே பச்சை எழுத்தில் ஏறியிருந்தது. பக்கத்தில் முக்காலி கிறீச்சிட்டது.

“அத எழுதாத” என்றாள் பாண்டியம்மாள். முறுக்குத் தட்டு கீழே சரிந்ததை அவள் கவனிக்கவில்லை.

“எழுதட்டும்” என்றார் ஞானசிகாமணி வாசற்படியிலிருந்து.

“அந்த அண்டா இந்த வீட்டுக்கு எப்படி வந்துச்சு? அவளோடதத் திருப்பிக் கொடுத்துவிட்டாச்சுன்னுதான எங்கிட்டச் சொன்னீக?”

“எழுது சாராளு. ஒரு உருப்படி விடாம எழுதுன்னு சொன்னேன்ல.”

சாராள் விசைமேல் விரலை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்த விசையைத் தட்டினால் எழுத்து அழியும் என்று சற்று முன்புதான் மாமியார் அவளிடம் ஆசையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அந்த விசையை நோக்கி இப்போது பாண்டியம்மாளின் விரல் நேராக வந்தது.

ஞானசிகாமணி இரண்டே எட்டில் உள்ளே வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மகனுக்கும் மருமகளுக்கும் முன்னால் அவர் அந்தக் கையைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை.